பந்து குழிக்குள் விழுந்தால் போதாதா? கேமில் ஓட்டை கண்டுபிடிப்பது போங்கா, இல்லையா?

வண்ணார்பேட்டை அக்கா கேட்டது:

எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு கேம் பற்றி ஒரு எழவும் தெரியாது. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

துபாயில் இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது என் மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி ஒன்று வாங்கி வந்தான். கூடவே ஸெல்டா கேம், 2017-ல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'. அதில் அங்கங்கே சின்னச் சின்னக் கோயில் மாதிரி இடங்கள், உள்ளே புதிர்கள். ஒன்றில் பலகையில் சுற்றுச்சுற்றாகச் சுவர் எழுப்பி, நடுவில் ஒரு பந்தைப் போட்டிருக்கிறார்கள். கையில் இருக்கிற கருவியைச் சாய்த்தால் திரையில் பலகையும் சாய்கிறது. பந்தை உருட்டிச் சுவர்களுக்குள்ளேயே வழி கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்து, எதிரே இருக்கிற குழியில் சேர்க்க வேண்டும்.

தம்பி அதில் மண்டையை உடைத்துக்கொண்டான். கடுப்பில் மருமகனிடம், "பந்தைக் குழிக்குள் போட்டுக் காட்டுல, ஐந்நூறு ரூவா தாரேன்" என்று சொல்லிவிட்டான். பையன் என்ன செய்தான் தெரியுமா? கருவியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தான். திரையில் பலகையும் கவிழ்ந்தது. பின்பக்கத்தில் சுவரே கிடையாது, மொழுமொழு என்று இருக்கிறது. அடுத்த பந்து மேலேயிருந்து அதன் மேல் விழுந்தது. லேசாக ஒரு சாய்ப்பு, குழிக்குள் போய்விட்டது.

தம்பி "இது போங்கு, வழி வழியாத்தான் போகணும்" என்கிறான். மகன் "கேமே கதவைத் தொறந்துட்டு, மாமா யாரு சொல்லதுக்கு?" என்கிறான். ஐந்நூறு ரூபாய் இன்னும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. இது போங்கா? இப்படி வேறு யாரும் செய்வார்களா?

தச்சநல்லூர் முக்கு எழுதியது:

போங்குதான், சந்தேகமே இல்லை. புதிரைச் செய்தவன் வழியை யோசித்துத்தானே சுவர் வைத்தான்? அதைத் தொடாமல் போனால் புதிரை விடுவித்ததாக எப்படி எடுத்துக்கொள்வது?

1981-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த மேட்சில், கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் டை என்ற நிலை. டிரெவர் சாப்பல் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அன்றைக்கு அதற்கு விதியில் இடம் இருந்தது. அதற்காக யாராவது கைதட்டினார்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். என் தம்பி பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவன். சுவருக்குள் புகுந்து நின்றுகொண்டு சுடுகிற ஆட்களிடம் மாட்டி தினமும் புலம்புகிறான். கேட்டால் அவனும் "கேம்ல இடம் இருக்கு" என்றுதான் சொல்வான்.

பாளை கேசட்கடை அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, ரூபாயை எடுத்துப் பையனிடம் கொடுங்கள். உங்கள் தம்பி வைத்த பந்தயம் "பந்தைக் குழிக்குள் போட்டுக் காட்டு" என்பது. போட்டுக் காட்டியாகிவிட்டது. வழி வழியாகப் போக வேண்டும் என்பது தோற்ற பிறகு சேர்த்த சட்டம்.

எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. சமாதானபுரம் பக்கம் டிவி கேம் கடை வைத்திருந்தவன் நான். இரண்டு டயனோரா டிவி, பிளாஸ்டிக் ஸ்டூல், '9999 இன் 1' கேசட். அதில் நிஜமாக இருந்தது கொஞ்சம் கேம்தான், அதையே பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பான் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் பைக்கட்டோடு நேராகக் கடைக்கு வந்து நிற்பார்கள்.

முதலில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்தேன். காண்ட்ராவில் மூன்று லைஃப், செத்தால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். கணக்கு நன்றாகத்தான் போனது. ஒரு நாள் எட்டாம் கிளாஸ் பையன் ஒருவன் கேம் தொடங்குவதற்கு முன்னால் குனிந்து, கைப்பிடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஏதோ அமுக்கினான். சாமி கும்பிடுகிறான் போல என்று நினைத்தேன். அவன் ஒரு ரூபாயில் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. முப்பது லைஃப்! இரண்டு பேர் ஆடுவதென்றால் செலக்டைத் தட்டிவிட்டு ஸ்டார்ட். ஒரு வாரத்தில் பாளையங்கோட்டை முழுக்க அந்த மந்திரம் பரவிவிட்டது.

சரி என்று அரை மணிக்கு இவ்வளவு என்று மாற்றினேன். அடுத்த ஓட்டை தயார். ஒருவன் காசு கொடுத்து உட்காருவான், கூட வந்தவன் "சும்மா பாக்க வந்தேன் அண்ணாச்சி" என்பான். நான் அந்தப் பக்கம் திரும்பினால் இரண்டாவது கைப்பிடி அவன் கையில் இருக்கும். அதைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்தேன். உடனே ஒரே கைப்பிடியை லைஃபுக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி ஆட ஆரம்பித்தார்கள். அதற்கு என்ன சட்டம் போடுவது? விட்டுவிட்டேன். கேம் கம்பெனிக்காரன் அப்டேட் மேல் அப்டேட் விடுகிறானே, அவன் படும் பாடு எனக்கு நன்றாகப் புரியும்.

அந்த காண்ட்ரா மந்திரத்தை நான் சாமர்த்தியத்தில் சேர்க்கமாட்டேன். அது செய்தவனே வைத்த சாவி. கொனாமி கம்பெனியில் ஹாஷிமோட்டோ என்பவர் 1986-ல் கிராடியஸ் கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்ப்பதற்கே கேம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதே என்று தனக்காக வைத்துக்கொண்டது. எடுக்காமல் விட்டுவிட்டார்கள், அதே கம்பெனியின் காண்ட்ராவிலும் அது வந்துவிட்டது. வைஸ் சிட்டி என்ற கம்ப்யூட்டர் கேமில் பேன்சர் என்று டைப் அடித்தால் டாங்கி வந்து விழுவதும் அப்படித்தான். சாவி தெரிந்தவன் கதவைத் திறந்தான், இதில் என்ன பெருமை?

மரியோவில் 3-1, அதாவது மூன்றாவது உலகத்தின் முதல் கட்டம், அதில் ஒரு படி இருக்கிறதே, அது வேறு ரகம். கடைசியில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் படிக்கட்டு வரும், இரண்டு ஆமை மேலேயிருந்து இறங்கும். ஒன்றின் மேல் சரியான இடத்தில் குதித்தால் ஓடு படியில் மோதித் திரும்பி வந்து காலடியிலேயே மறுபடி மாட்டும். டொக் டொக் டொக் என்று 100, 200, 400 என ஏறி, கடைசியில் ஒவ்வொரு குதிக்கும் ஒரு லைஃப். யாரும் உனக்குக் கொடுக்கவில்லை. ஒரு விரல்கடை தள்ளிக் குதித்தால் ஓடு உன்னையே அடித்துக் கொன்றுவிடும். ஓட்டைக்குள் நுழையவும் கை வேண்டும். உங்கள் பையன் செய்தது இந்த ரகம்தான்.

இதிலேயே ஒரு கூத்து. கே.டி.சி. நகரிலிருந்து சைக்கிளில் வருகிற பையன் ஒருவன் அந்தப் படியிலேயே குடியிருந்தான். நேரம் முடிந்து ஒரு லைஃப் போனாலும் கவலையே படமாட்டான். பாதி வழியிலிருந்து திரும்ப ஓடி வந்து அதே ஆமையைப் பிடித்துக்கொள்வான். லைஃப் எண் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் கிரீடம் வந்தது, பிறகு என்னென்னவோ கோணல் எழுத்தாக வந்தது. பின்னால் ஒரு கூட்டமே நின்று எண்ணிக்கொண்டிருந்தது. "இனி சாவே கிடையாதுல" என்று எழுந்து நின்று சொன்னான். அடுத்த தடவை நேரம் முடிந்தது. கேம் ஓவர்! இத்தனை லைஃபும் எங்கே போனதோ, நேராகக் கறுப்புத் திரை. "கேசட் கெட்டுப்போச்சு, காசத் திருப்பித் தாரும்" என்று சண்டை. பத்து நிமிஷம் சும்மா ஆடிக்கொள் என்று சமாதானப்படுத்தினேன். ஏன் அப்படி ஆனது என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

பிறகு கடை பிரவுசிங் சென்டர் ஆனது, வைஸ் சிட்டி வந்தது. அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷன் ஞாபகம் இருக்கிறதா? கட்டிக்கொண்டிருக்கிற கட்டிடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நாலு குண்டை நாலு மாடியில் வைக்க வேண்டும். மாடியெல்லாம் கூலியாட்கள், காவல்காரர்கள். சுத்தியலால் அடிப்பான், துப்பாக்கியால் சுடுவான். அவர்களைச் சமாளித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கீபோர்டை உடைக்காத குறை.

அதில் ஒரு பையனுக்கு மிஷனை முடிக்கிற எண்ணமே கிடையாது. ஹெலிகாப்டரின் விசிறியால் ஆட்களை வெட்டுவதுதான் அவனுக்கு விளையாட்டு. குண்டைத் தொடாமல் மாடி மாடியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து சிஸ்டத்துக்காரன்தான் கவனித்தான்: "ஏல, ஒனக்கு டைமே ஓடலல!" முதல் குண்டைத் தூக்கினால்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதுவரைக்கும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். முதலில் கட்டிடத்தைக் காலி செய், படிக்கட்டு எங்கே என்று பார்த்து வை, கடைசியில் குண்டைத் தொடு. அன்றைக்கு ராத்திரி கடையில் இருந்த எல்லோரும் அந்த மிஷனை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

முக்குத் தம்பி, இதை நீங்கள் போங்கு என்பீர்களா? கேம் எதை வைத்து நேரத்தை எண்ணுகிறது என்று பார்த்து ஆடினான், அவ்வளவுதான். பிஜிஎம்ஐ ஆளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எதிரே காசும் நேரமும் போட்டு ஆடுகிற மனுஷன் இருக்கும்போது சுவருக்குள் புகுந்து சுடுவது திருட்டுத்தனம்தான். ஆனால் ஸெல்டா கோயிலில் எதிரே யார் இருக்கிறார்கள்? ஒரு பந்து.

ராத்திரிக்குறியாளன் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் கேசட் கெடவில்லை. காரணம் சொல்கிறேன்.

அந்த மரியோ 1985-ல் வந்தது. லைஃப் எண்ணிக்கையை எட்டு பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் பிடிக்கிற எட்டு கட்டத்தில், வைத்திருக்கிறான். சாகும்போது ஒன்றைக் கழித்துவிட்டு "மைனஸ் ஆகிவிட்டதா?" என்று மட்டும் பார்ப்பான். எட்டு பிட்டில் மைனஸையும் சேர்த்து எண்ணினால் -128 முதல் 127 வரைதான் இடம். அதற்கு மேலே போன எண் எல்லாம் அவன் கண்ணுக்கு மைனஸ். உங்கள் கே.டி.சி. நகர்ப் பையன் எல்லையைத் தாண்டிச் சேர்த்துவிட்டான். கேமைப் பொறுத்தவரை அவனிடம் லைஃபே இல்லை.

இதே மாதிரி எல்லைக் கோளாறில்தான் மரியோ 64-ம் உடைந்தது. 1996-ல் வந்த கேம். முன்னால் ஓடும் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்தவர்கள், பின்னால் தாவும் வேகத்துக்கு வைக்க மறந்துவிட்டார்கள். படிக்கட்டில் பின்பக்கமாகத் தாவிக்கொண்டே இருந்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் மூடிய கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்பான். 70 நட்சத்திரம் சேர்த்தால்தான் முடியும் என்று ஒரு முடிவில்லாப் படிக்கட்டே கட்டி வைத்திருந்தார்கள். அதே படிக்கட்டில் பின்பக்கமாக ஏறி, முதலில் 16 நட்சத்திரத்தில் முடித்தார்கள், பிறகு ஒன்றுகூட எடுக்காமலே முடித்தார்கள்.

அந்த கேமில் குதிக்கிற பட்டனையே எவ்வளவு குறைவாக அமுக்கி ஆடலாம் என்று ஆராய்ச்சி செய்கிற கூட்டமும் உண்டு. 2016-ல் ஒருவர் போட்ட வீடியோவில் ஒரு நட்சத்திரத்தை 'அரை அமுக்கில்' எடுத்தார். அமுக்குவது, பிடித்திருப்பது, விடுவது என்று அதை மூன்றாகப் பிரிக்கிறார். ஏற்கெனவே பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தால் புதிதாக அமுக்கியதாகக் கணக்கில்லையாம். அதே நட்சத்திரத்துக்காக மரியோ 12 மணி நேரம் ஒரே இடத்தில் வேகம் சேர்த்துக்கொண்டிருப்பார். என் அம்மா பார்த்துவிட்டு, "அதுக்கு பேசாம பட்டன அமுக்கிட்டுப் போலாம்லா?" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

கேமை யார் வேகமாக முடிப்பது என்று போட்டி போடுகிறவர்கள் இந்தப் போங்குச் சண்டையை முன்பே முடித்துவிட்டார்கள். ஒரே கேமுக்குத் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். எந்த ஓட்டையும் பயன்படுத்தி முடிப்பது 'எனி பெர்சென்ட்'. ஓட்டையே தொடாமல் முடிப்பது 'கிளிட்ச்லெஸ்'. யாரும் யாரையும் திட்டுவதில்லை. அக்கா, உங்கள் தம்பி வைத்த பந்தயம் எனி பெர்சென்ட், தோற்ற பிறகு கிளிட்ச்லெஸ் கேட்கிறார்.

மனிதன் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2016-ல் ஓப்பன்ஏஐ ஆட்கள் ஒரு படகுப் பந்தய கேமை ஆட ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பழக்கினார்கள். பாயிண்டைக் கூட்டு என்பதுதான் அதற்குச் சொன்னது. அது பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஒரு மூலையில் வட்டமடித்து, திரும்பத் திரும்ப முளைக்கிற பாயிண்டை அள்ளிக்கொண்டிருந்தது. படகு மற்றப் படகுகளில் மோதுகிறது, தீப்பிடித்து எரிகிறது, பாயிண்ட் மட்டும் மனிதர்களைவிட அதிகம். 2013-ல் இன்னொரு நிரல் டெட்ரிஸில் தோற்கப்போகிற நேரத்தில் பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உண்மைதானே, பாஸில் இருக்கும்வரை தோற்க முடியாது!

அம்பை சித்தி எழுதியது:

கேம் என்றால் நீங்கள் மட்டும்தானா? நான் கேண்டி கிரஷ் ஆடுகிறவள். ஐந்து லைஃப் தீர்ந்தால் ஒரு லைஃபுக்கு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். மத்தியானம் சமையல் முடித்துக் கொஞ்சம் உட்காரும்போதுதான் நேரம் கிடைக்கும், அப்போதும் காத்திரு என்றால் எப்படி? ஃபோன் செட்டிங்கில் தேதியை நாளைய தேதிக்குத் தள்ளிவைப்பேன். ஐந்து லைஃபும் வந்து உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப் மட்டும் தேதி சரியில்லை என்று கத்தும். கத்தட்டும்.

இது போங்கு என்று முக்குத் தம்பி சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காத்திருக்க முடியாதவர்களிடம் காசு வாங்கத்தானே அரை மணி வைத்திருக்கிறான்.

ராத்திரிக்குறியாளன் எழுதியது:

சித்தி, நீங்கள் செய்வதை ஒரு பெரிய கேம் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே உள்ளே வைத்தார்கள். 2004-ல் வந்த மெட்டல் கியர் சாலிட் 3-ல் 'தி எண்ட்' என்று நூறு வயது தாண்டிய துப்பாக்கிக்காரக் கிழவர் வருவார். காட்டுக்குள் ஒளிந்திருந்து சுடுவார், அவரை ஜெயிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். நடுவில் சேவ் செய்து வெளியே வந்து, மெஷின் கடிகாரத்தை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிவைத்துத் திரும்பப் போனால் தாத்தா வயோதிகத்தில் இறந்து கிடப்பார்.

தச்சநல்லூர் முக்கு எழுதியது:

அந்தக் கிழவர் விஷயம் பிரமாதம், அதை ஏற்கிறேன். அது செய்தவனே யோசித்து வைத்தது. ஸெல்டா பலகையைத் திருப்புவதை யோசித்து வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

ராத்திரிக்குறியாளன் எழுதியது:

அந்த ஒரு பலகையை யோசித்தார்களோ என்னவோ, அந்த கேமையே அப்படித்தான் கட்டினார்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று வைக்காமல் தீ, காற்று, மின்சாரம், எடை எல்லாம் ஒன்றோடொன்று வினை புரியும்படி விட்டுவிட்டதாக 2017-ல் கேம் செய்பவர்கள் கூடுகிற மாநாட்டில் அவர்களே சொன்னார்கள். மின்சாரப் புதிர்களைப் பாருங்கள். இரண்டு முனையை இணைக்கக் கேமே தருகிற உருண்டையைத் தேடாமல், முதுகில் இருக்கிற இரும்பு வாளையும் கேடயத்தையும் வரிசையாகத் தரையில் போட்டால் போதும், கரண்ட் பாயும், கதவு திறக்கும். பலகைக்குப் பின்பக்கமும் அந்த உலகத்தில் திடமான பொருள்தான். பந்து அதில் விழுந்து உருளாமல் வேறு என்ன செய்யும்?

வண்ணார்பேட்டை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரூபாயைக் கொடுத்தாயிற்று. தம்பிக்கு முகம் சரியில்லை, "அந்த அண்ணாச்சி கடைக்கு நானும் போயிருக்கேன், அப்பவும் பேச்சு இப்படித்தான்" என்கிறான். அண்ணாச்சி, இப்போது மகனுக்கு அந்த 3-1 படியை ஆடிப் பார்க்க வேண்டுமாம். பழைய மரியோவை எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டான், ஓடு வந்து அடித்துச் செத்துக்கொண்டே இருக்கிறான். எப்படி என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

பாளை கேசட்கடை அண்ணாச்சி எழுதியது:

உங்கள் தம்பி இரண்டாவது கைப்பிடி கோஷ்டியாகத்தான் இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

பையனிடம் சொல்லுங்கள்: பெரிய மரியோவாக வந்தால் நல்லது, ஓடு ஒரு தடவை தட்டினாலும் சாகமாட்டான். முதல் ஆமையைக் கீழே போக விட்டுவிட வேண்டும், இரண்டாவதுதான் நமக்கு. அது கடைசிப் படிகளுக்கு இறங்கி வரும்போது நேர் மேலே குதிக்க வேண்டும், ஓடிவந்து குதிக்கக் கூடாது. ஓடு ஆனதும் அதன் இடது ஓரத்தில் விழுகிற மாதிரி ஒரு சின்னக் குதி. ஓடு வலது பக்கம் போய்ப் படியில் முட்டித் திரும்பும். அப்புறம் பட்டனையும் திசையையும் தொடாமல் கையை எடுத்துவிடலாம். ஒரு பக்கமாக நகருகிற மாதிரி தெரிந்தால் மட்டும் லேசாக ஒரு தட்டு. கிரீடம் வந்த பிறகு எழுத்துக் கோணலாக ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், நூறே தாராளம். காசு திருப்பித் தர இப்போது கடை இல்லை.